2147483647 பகா எண்தானா? அக்கம்பக்கத்தில் விசாரித்த ஒரு நிகழ்வு ஆய்வு

கொடுத்த எண் பகா எண்ணா என்று பார்க்கச் சின்ன புரோகிராம் ஒன்று எழுதி வைத்திருந்தேன். 2இல் தொடங்கி ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்க்கும். வகுக்கிற எண்ணின் வர்க்கம், கொடுத்த எண்ணைத் தாண்டியதும் நிறுத்திவிட்டுப் ‘பகா எண்’ என்று சொல்லும். கணினி படிக்கும் எல்லோரும் முதல் மாதத்திலேயே எழுதிப் பழகுகிற பத்து வரி கோட்தான். 97, 7919, 1000003 என்று கொடுத்தவற்றுக்கெல்லாம் சரியான பதில் வந்தது. பிறகு 2147483647ஐக் கொடுத்தேன். சில விநாடிகள் எடுத்துக்கொண்டு, ‘பகு எண்’ என்றது.

இந்தப் பதில் தவறு என்று எனக்குத் தெரியும். 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 என்ற இந்த எண், 2ஐ 31 முறை பெருக்கி 1ஐக் கழித்தால் வருவது, அதாவது 2³¹ − 1. 250 ஆண்டுகளுக்கு முன்பே இது பகா எண் என்று நிறுவியிருக்கிறார்கள். அப்படியிருக்க என் புரோகிராம் எந்த வகுத்தியைக் கண்டுபிடித்தது? அதையும் அச்சிடச் சொன்னேன். வந்த வகுத்தி: 2147483647.

அதாவது, எண்ணை அதே எண்ணால் வகுத்து மீதி 0 என்று கண்டு, பகு எண் என்று முடிவு கட்டியிருக்கிறது. அவ்வளவு தூரம் அது ஏன் போனது என்பதில் தொடங்கியதுதான் இந்த ஆய்வு.

எங்கே வழுக்கியது

இந்த எண்ணின் வர்க்கமூலம் 46340க்கும் 46341க்கும் இடையில் இருக்கிறது. 46341இன் வர்க்கம் 2147488281. அது நம் எண்ணைவிடப் பெரியது, எனவே அங்கேயே லூப் நின்றிருக்க வேண்டும். ஆனால் நான் வைத்திருந்தது 32 பிட் முழு எண். அதில் ஒரு பிட் கூட்டல் கழித்தல் குறிக்குப் போக, மீதி 31 பிட்களில் எழுதக்கூடிய ஆகப்பெரிய எண் 2³¹ − 1, அதாவது நம் எண்ணேதான். அதைத் தாண்டும் பெருக்கல் நான் பயன்படுத்திய மொழியில் மறுபக்கமாகச் சுற்றிக் குறை எண்ணாக விழுந்துவிடும். 46341 × 46341க்கு அங்கே கிடைத்த விடை −2147479015. இது நம் எண்ணைவிடச் சிறியதுதானே, ‘இன்னும் தாண்டவில்லை’ என்று லூப் தொடர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த வகை முழு எண் எதுவுமே 2147483647ஐத் தாண்ட முடியாது. எனவே ‘வர்க்கம் எண்ணைத் தாண்டிவிட்டதா’ என்ற கேள்விக்கு இந்த ஒரு எண்ணைப் பொறுத்தவரை ‘ஆம்’ என்ற பதிலே கிடையாது. லூப் நிற்க ஒரே வழி, மீதியில்லாமல் வகுபடுவது. பகா எண் என்பதால் நடுவில் எதுவும் வகுக்கவில்லை. கடைசியில் அதுவே அதை வகுத்தது.

திருத்தம் ஒரே வரி. வர்க்கத்தைப் பெருக்கிப் பார்க்காமல், வகுத்து வரும் ஈவை வகுக்கிற எண்ணோடு ஒப்பிட்டால் போதும், எந்த இடத்திலும் எல்லை தாண்டாது. திருத்தியதும் 46340 வரை போய்ப் ‘பகா எண்’ என்றது.

ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை. ஒருமுறை தவறாகச் சொன்ன அதே இயந்திரம் இப்போது சரியாகச் சொல்கிறது என்று எப்படி நம்புவது? கையால் சரிபார்க்கக்கூடிய வழி வேண்டும். தேடியபோது புரிந்த விஷயம் இது: பெரிய பகா எண்ணைப் பற்றி அந்த எண்ணிடமே கேட்டால் ஒன்றும் பெயராது. இடப்பக்கம் ஒன்று குறைந்த எண், வலப்பக்கம் ஒன்று கூடிய எண், இந்த இரண்டையும் விசாரித்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். என் புரோகிராமை ஏமாற்றியதும் வலப்பக்கத்து 2³¹தான். பகா எண் என்று நிறுவ உதவுவதும் அதேதான்.

ஆய்லர் சுருக்கிய பட்டியல்

1588 வாக்கில் இத்தாலியரான கட்டால்டி, 2இன் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்து வரும் இந்த வகை எண் (மெர்சென் எண் என்பார்கள்), அடுக்கு 17, 19 ஆகும்போது பகா எண்ணாக வரும் என்று சரியாகக் கண்டார். அதோடு நிற்காமல் 23, 29, 31, 37 ஆகியவற்றுக்கும் அப்படித்தான் என்று சொன்னார். 23, 37 இரண்டும் தவறு என்று 1640இல் ஃபெர்மா காட்டினார். 29 தவறு என்று 1738இல் கணித அறிஞர் ஆய்லர் காட்டினார்; 2²⁹ − 1 என்பது 233 × 1103 × 2089. மிஞ்சியது 31 மட்டும். 1772இல் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில், 2³¹ − 1 பகா எண்தான் என்று ஆய்லர் அறிவித்தார். அப்போது அவருக்கு 65 வயது. பார்வை கிட்டத்தட்ட முழுவதும் போயிருந்தது.

46340 வகுத்தல்களை யாரும் கையால் செய்யப் போவதில்லை. அவர் அதைச் சுருக்கிய விதம் இது.

நம் எண்ணுக்கு ஒரு பகா வகுத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2, 4, 8, 16 என்று 2இன் அடுக்குகளை அந்த வகுத்தியால் வகுத்து, மீதிகளை மட்டும் வரிசையாக எழுதுங்கள். 31ஆவது இடத்தில் மீதி 1 வரும், ஏனென்றால் 2³¹ − 1ஐ அது மீதியின்றி வகுக்கிறது. 31 பகா எண் என்பதால் அதைவிடக் குட்டையான சுற்று இருக்க முடியாது. அப்புறம் ஃபெர்மாவின் விதி ஒன்று இருக்கிறது: வகுத்தியில் ஒன்று குறைந்த இடத்திலும் மீதி 1 வந்தாக வேண்டும். ஆக, வகுத்தியிலிருந்து 1ஐக் கழித்தால் கிடைப்பது 31இன் மடங்கு. வகுத்தி ஒற்றை எண் என்பதால் 62இன் மடங்கு என்றே சொல்லலாம்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 2¹⁶ஐ வர்க்கப்படுத்தினால் 2³². அது 2³¹இன் இரு மடங்கு. 2³¹இன் மீதி 1 என்பதால் 2³²இன் மீதி 2. எனவே அந்த வகுத்தியின் உலகத்தில், அதாவது மீதிகளை மட்டும் பார்த்தால், 2க்கு வர்க்கமூலம் இருக்கிறது. அப்படி இருந்தால் அந்த வகுத்தியை 8ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7தான் வர முடியும். இரண்டு கட்டுப்பாட்டையும் சேர்த்தால், வகுத்தி 248இன் மடங்கோடு 1 கூட்டியதாகவோ 63 கூட்டியதாகவோ இருக்க வேண்டும்.

46340க்குள் இப்படிப்பட்ட எண்கள், 1ஐயும் 63ஐயும் நீக்கினால், 372தான். அவற்றிலும் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும் என்பதால் எண்ணிக்கை எண்பதைச் சுற்றி வந்து நிற்கிறது. தொடக்கத்தை நான் தாளில் போட்டுப் பார்த்தேன். 249 என்பது 3 × 83, வேண்டாம். 311 பகா எண். அதால் வகுத்தால் ஈவு 6905092, மீதி 35. அடுத்து 497 (7 × 71), 559 (13 × 43), 745, 807, 993, 1055, 1241 (17 × 73) எல்லாமே பகு எண்கள். 1303 பகா எண். ஈவு 1648107, மீதி 226. முதல் பத்து எண்களில் உண்மையில் வகுக்க வேண்டி வந்தது இரண்டே முறை. ஒரு மாலைப் பொழுதில் முடிகிற வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பொறுமையுள்ள ஒருவர் ஓரிரு நாளில் முடிக்கலாம். பார்வை போன நிலையில் இதைச் செய்து முடித்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மீது மரியாதை கூடுகிறது.

பிறகு பல பத்தாண்டுகளுக்கு, மனிதர் அறிந்த ஆகப்பெரிய பகா எண்ணாக இதுவே இருந்தது. 1876இல் லூக்காஸ் 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார். அது 39 இலக்க எண். எண்பது வகுத்தல் முறை அங்கே எந்த மூலைக்கும் காணாது.

வலப்பக்கத்து எண் சொல்வது

லூக்காஸ் தொடங்கி வைத்து, 1930இல் லேமர் செப்பனிட்டுக் கொடுத்த சோதனை வகுத்திகளைத் தேடுவதே இல்லை. 4இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2ஐக் கழியுங்கள். நம் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். இப்படி 29 முறை செய்தபின் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். நடுவில் இருக்கும் நியாயம், ஒன்று கூடிய எண் 2ஐ மட்டுமே காரணியாகக் கொண்டிருப்பதுதான். திரும்பத் திரும்ப வர்க்கப்படுத்துவது என்றால் 2இன் படிகளில் ஒவ்வொன்றாக ஏறுவது. உச்சிப் படி 2³¹ என்று ஆகும்போது நடுவில் எதுவும் தவறிப் போகாது.

வரிசை 4, 14, 194, 37634, 1416317954 என்று போகிறது. அடுத்த அடியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த எண்ணின் மிக அழகான குணம் அதில்தான் தெரிகிறது.

1416317954இலிருந்து நம் எண்ணைக் கழித்தால் −731165693. வர்க்கப்படுத்த இது சற்று எளிது, மீதியும் மாறாது. அதன் வர்க்கம் 534603270620170249. இதை 2147483647ஆல் வகுத்து மீதி காண வேண்டும், ஆனால் நீண்ட வகுத்தல் தேவையில்லை. 2³¹இன் மீதி 1 என்பதால், எண்ணை 2³¹ என்ற இடத்தில் இரண்டாக வெட்டி, மேல்துண்டையும் கீழ்த்துண்டையும் கூட்டினால் போதும். மேல்துண்டு 248944047, கீழ்த்துண்டு 420726793. கூட்டினால் 669670840. 2ஐக் கழித்தால் 669670838. அடுத்த உறுப்பு அதுதான்.

ஒரு எண் 9ஆல் வகுபடுமா என்று பார்க்க இலக்கங்களைக் கூட்டுகிறோமே, அதே சூட்சுமம். அங்கே 10இன் மீதி 1. இங்கே 2³¹இன் மீதி 1. கணினிக்குள் எண்கள் இரும வடிவில் இருப்பதால் வெட்டுவதற்குக்கூட வேலை இல்லை. பிட்களை நகர்த்திக் கூட்டினால் வகுத்தலே முடிந்துவிடுகிறது. பகா எண்ணால் வகுக்க வேண்டிய கணக்குகளில் மெர்சென் எண்களை இன்றும் தேடிப் போவதற்கு இது முக்கியமான காரணம்.

இப்படியே போய் 28ஆவது அடியில் 65536 வருகிறது. 65536 என்பது 2¹⁶. அதன் வர்க்கம் 2³², 2ஐக் கழித்தால் நம் எண்ணின் சரியான இரு மடங்கு. மீதி 0. ஆய்லரின் வழியில் பார்த்த அதே 2¹⁶ இங்கேயும் வாசலில் நிற்கிறது. 2047க்கு இதே சோதனையைச் செய்தால் கடைசியில் 1736 வரும், 0 வராது. 2047 = 23 × 89.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். ‘2ஐ, சோதிக்கும் எண்ணில் ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா பார், வந்தால் பெரும்பாலும் பகா எண்’ என்று ஒரு குறுக்குவழி புழங்குகிறது. மெர்சென் எண்களிடம் அது செல்லாது. பகா அடுக்குக் கொண்ட மெர்சென் எண் எதுவானாலும், 2047 உட்பட, அந்தச் சோதனையில் தேறிவிடும். 2இன் அடுக்குகளாலேயே கட்டிய எண்ணை 2ஐ வைத்துச் சோதித்தால் வேறென்ன நடக்கும்? 3, 7 போன்ற வேறு எண்ணைக் கொண்டு பார்க்க வேண்டும்.

இடப்பக்கத்து எண் சொல்வது

ஒன்று குறைந்த எண் 2147483646. அது 2 × (2³⁰ − 1), அதாவது 2 × 32767 × 32769. 32767 என்பது 7 × 31 × 151. 32769 என்பது 3 × 3 × 11 × 331. ஆக மொத்தம் 2, 3, 3, 7, 11, 31, 151, 331. பத்து இலக்க எண்ணுக்கு ஆகப்பெரிய பகாக் காரணி 331தான் என்பது பெரிய வசதி. எல்லாப் பெரிய பகா எண்ணுக்கும் இப்படி வாய்ப்பதில்லை.

இதை வைத்து ஒரு சான்றிதழே எழுதலாம். 7ஐ எடுத்து 2147483646ஆவது அடுக்கு வரை உயர்த்தினால் மீதி 1. ஆனால் அந்த அடுக்கை 2, 3, 7, 11, 31, 151, 331 ஆகியவற்றில் எதால் வகுத்துக் குறைத்தாலும் மீதி 1 வருவதில்லை. பாதி அடுக்கில் வருவது 2147483646, அதாவது −1. இதன் பொருள், 7இன் அடுக்குகள் 2147483646 வெவ்வேறு மீதிகளையும் ஒன்று விடாமல் தொட்ட பிறகே 1க்குத் திரும்புகின்றன. அத்தனை மீதிகளும் இருக்க வேண்டுமானால் எண் பகா எண்ணாகத்தான் இருக்க முடியும். எட்டே எட்டு அடுக்குக் கணக்குகள், ஒவ்வொன்றிலும் முப்பதை ஒட்டிய வர்க்கப்படுத்தல்கள். என் சந்தேகத்தைத் தீர்த்தது இதுதான். 2 முதல் 6 வரை எந்த எண்ணும் இப்படி முழுச் சுற்று வருவதில்லை. 2இன் சுற்று 31 அடியிலேயே முடிந்துவிடும். முழுச் சுற்று வரும் எண்கள் மொத்தம் 53 கோடியே 46 லட்சம், கிட்டத்தட்ட நான்கில் ஒன்று. அவற்றில் முதலாவது 7.

7இன் இந்தக் குணத்தைப் பலர் அறியாமலே பயன்படுத்தியிருக்கிறார்கள். 7⁵ = 16807. ஓர் எண்ணை 16807ஆல் பெருக்கி, நம் எண்ணால் வகுத்து, மீதியை அடுத்த எண்ணாக வைத்துக்கொள்ளும் சமவாய்ப்பு எண் (random number) முறையை 1988இல் பார்க், மில்லர் இருவரும் ‘குறைந்தபட்சத் தரம்’ என்று பரிந்துரைத்தார்கள். 5 என்பது 2147483646இன் காரணி அல்ல, எனவே 7⁵உம் முழுச் சுற்று வரும். 1இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று போகும். 10000ஆவது எண் 1043618065. புரோகிராம் சரியா என்று பார்க்க இந்த ஒரு விடையைத்தான் ஒப்பிடுவார்கள்.

பெருக்கும்போது எல்லை தாண்டுமே, அதை என்ன செய்வது? என் புரோகிராம் விழுந்த அதே குழிதான். ஷ்ரேகின் தந்திரம் இதற்கு வழி சொல்கிறது. நம் எண்ணை 16807ஆல் வகுத்தால் ஈவு 127773, மீதி 2836. இப்போது 282475249ஐ 127773ஆல் வகுங்கள்: ஈவு 2210, மீதி 96919. 16807 × 96919 = 1628917633. 2836 × 2210 = 6267560. கழித்தால் 1622650073. எந்தக் கட்டத்திலும் 32 பிட்டைத் தாண்டவில்லை. கழித்து வருவது குறை எண்ணானால் நம் எண்ணை ஒருமுறை கூட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இந்தச் சமவாய்ப்பு வரிசை இன்றைய பெரிய வேலைகளுக்குப் போதாது. 214 கோடி எண்களை இப்போதைய கணினி சில விநாடிகளில் தீர்த்துவிடும். ரகசியம் காக்கும் இடங்களில் இதைத் தொடவே கூடாது.

மற்ற சில குணங்கள்

4ஆல் வகுத்தால் மீதி 3 என்பதால் இந்த எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது. அதே காரணத்தால் இதன் உலகத்தில் வர்க்கமூலம் காண்பது மிக எளிது. வர்க்கமூலம் உள்ள எண்ணை 29 முறை வர்க்கப்படுத்தினால் விடை வந்துவிடும். 2ஐ 29 முறை வர்க்கப்படுத்திப் பாருங்கள், 65536இல் வந்து நிற்கும்.

2³¹க்குக் கீழே உள்ள பகா எண்கள் 105097565. அவற்றில் கடைசி இதுதான். முந்தைய பகா எண் 18 தள்ளி 2147483629, அடுத்தது 12 தள்ளி 2147483659. இந்த அளவு எண்களிடையே சராசரி இடைவெளி 21ஐ ஒட்டியது என்பதால் இரண்டு இடைவெளிகளும் சாதாரணமானவையே. இரட்டைப் பகா எண் துணை கிடையாது. இரண்டு குறைந்த எண் 5ஆல் வகுபடும், இரண்டு கூடிய எண் 3ஆல் வகுபடும். ஆனால் அந்த இரண்டு கூடியதை 3ஆல் வகுத்து வரும் 715827883 பகா எண்.

2³⁰ஆல் நம் எண்ணைப் பெருக்கினால் 2305843008139952128. தன்னைத் தவிர்த்த வகுத்திகளை எல்லாம் கூட்டினால் தானே வரும் எண் இது. 6, 28, 496 வரிசையில் எட்டாவது.

கணினியின் எல்லை எண் என்பதற்கும் பகா எண் என்பதற்கும் தொடர்பு இருக்குமோ என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, தற்செயல்தான். 8 பிட்டின் எல்லை 127 பகா எண். 16 பிட்டின் எல்லை 32767 பகு எண் என்று மேலே பார்த்தோம். 64 பிட்டின் எல்லையான 2⁶³ − 1ஐ 7 இருமுறை வகுக்கும். 32 பிட்டில் நேரம் எண்ணும் கடிகாரங்கள் 2038 ஜனவரி 19 அன்று, சர்வதேச நேரம் அதிகாலை 3 மணி 14 நிமிடம் 7 விநாடியில் நம் எண்ணைத் தொட்டு, அடுத்த விநாடி குறை எண்ணாக மாறும். என் லூப்புக்கு நடந்ததேதான் அது.

அடுத்த படி

31 என்பதே 2⁵ − 1. அதை அடுக்காக வைத்தால் வந்தது நம் எண். நம் எண்ணையே அடுக்காக வைத்து, 2ஐ 2147483647 முறை பெருக்கி 1ஐக் கழித்தால்? 64 கோடியே 64 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண் அது. ஆய்லரின் கட்டுப்பாடுகள் அதற்கும் அப்படியே பொருந்தும்: வகுத்தி இருந்தால், நம் எண்ணின் இரு மடங்கின் மடங்கோடு 1 கூட்டியதாக இருக்க வேண்டும், 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும்.

அப்படி ஒரு வகுத்தி கிடைத்திருக்கிறது: 295257526626031. அதில் 1ஐக் கழித்தால் நம் எண்ணின் 137490 மடங்கு. 8ஆல் வகுத்தால் மீதி 7. அது உண்மையிலேயே வகுக்கிறதா என்று பார்க்க அந்தக் கோடிக்கணக்கான இலக்கங்களை எழுத வேண்டியதே இல்லை. 2ஐ 31 முறை வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு முறையும் 295257526626031ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி மீதி 2 என்று வந்தால் வகுக்கிறது. இந்த முறை எல்லையில்லாத முழு எண் வகையில் எழுதி ஓட்டினேன். 31ஆவது வர்க்கத்துக்குப் பிறகு திரையில் வந்தது 2.